மூணு எண்ணுகிற நேரம்

சிரிக்க வைக்கிறேன் அக்கா. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே இல்லை. பஸ் இன்னும் அரவக்குறிச்சிக்கே வரவில்லை. அதற்குள் சொல்லி முடித்துவிட்டால் வேடசந்தூர் வரைக்கும் நான் என்ன செய்வது?

கண்டக்டர் குரலில் "பின்னாடி எடம் இருக்கு, பின்னாடி போ, பையைத் தூக்கி மேல வை" என்றேனே, நாலு பேர் நிஜமாகவே பின்னால் போனார்களே, அதற்கு நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அதெல்லாம் சும்மா. பல் விளக்குவது மாதிரி. போன வருஷம் எங்கள் அண்ணன் பட்டறை மேஸ்திரி குரலில் டீக்கடைக்குப் போன் போட்டு நாற்பது டீ சொல்லியிருக்கிறேன். நாற்பது டீயும் வந்தது. மேஸ்திரியே குடித்துவிட்டு, "நான் எப்படா சொன்னேன்?" என்று சாயந்திரம் வரைக்கும் யோசித்தார்.

நான் சொல்லப்போவது எங்கள் அண்ணியின் சிரிப்பு. அது ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் சிரிப்பில்லாத சங்கதி கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மௌலீஸ்வரன். மௌலி என்றால் போதும். ப்ளஸ் டூ பாஸ். அம்மா இல்லை. அப்பா இருக்கிறார், வேறு ஒரு குடும்பத்துக்கு. என்னை வைத்திருப்பது என் அண்ணன் தனவேல். மூன்று வருஷமாக அண்ணி அம்சவேணியும். கரூரில் ஒரு காம்பவுண்டு வீடு, ஒரே ஒரு ரூம், ஒரு இரும்புக் கட்டில். வேடசந்தூர் அண்ணியின் அம்மா வீடு. அண்ணி இப்போது அங்கேதான் இருக்கிறது, வலது கையில் மாவுக்கட்டோடு. அதைக் கூட்டிவரத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்தான் அனுப்பினான். வருகிற திங்கட்கிழமை மகளிர் ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மேஸ்திரி சொன்னார். "நீ போடா. நீ சொன்னா அவ தட்டமாட்டா" என்றான் அண்ணன். அதுவும் உண்மைதான். நான் கூப்பிட்டால் அண்ணி வந்துவிடும். ஒரு தடவை வந்திருக்கிறது. அதுதான் கதையே.

இந்த பஸ் இருக்கிறதே, இதன் பாடி கட்டியது கரூரில்தான். அந்த ஜன்னல் ஓரம் வளைவைப் பாருங்கள், எங்கள் ஊர் வேலை. அண்ணன் அந்த மாதிரி ஒரு பட்டறையில் ஸ்ப்ரே பெயிண்டர். மே மாதம் வந்தால் ஸ்கூல் பஸ் எல்லாம் பெயிண்ட்டுக்கு வந்து நிற்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஆர்.டி.ஓ. செக்கிங் முடிய வேண்டும். அந்த ஒரு மாதம் பட்டறை முழுக்க மஞ்சள். அண்ணன் துப்பினால் மஞ்சள். நகத்துக்குள் மஞ்சள். ஓவர்டைம், வெயில், தின்னர் வாசம். சாயந்திரமானால் குடி.

எல்லாரும் குடிதான் காரணம் என்கிறார்கள். மேஸ்திரி எப்படிச் சொல்வார் தெரியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு: "தங்கமான பையன்ப்பா தனவேலு. இந்தத் தண்ணி ஒண்ணுதான் அவனைக் கெடுக்குது." பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா சொல்வது வேறு: "எங்க ஊட்டுக்காரரும்தான் குடிக்கறாரு. வந்து குப்புறப் படுத்துத் தூங்கறாரு. அந்தப் பாட்டில்ல மட்டும் கை கால் மொளைச்சா வருது?" அண்ணி அதிகம் பேசாது. ஒரே ஒரு தடவை சொன்னது: "எத்தனை குடிச்சாலும் மேஸ்திரியை ஒருநாளும் அடிச்சதில்லையே, மௌலி?"

மற்ற இரண்டு குரலையும் எடுத்துவிட்டேன், பார்த்தீர்களா? அண்ணி குரல் மட்டும் எனக்கு வராது. எத்தனையோ தடவை முயற்சி செய்தேன். பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது.

குரல் எடுப்பதில் ஒரு ரகசியம் சொல்லித் தருகிறேன். வார்த்தையைப் பிடிக்கக் கூடாது அக்கா, மூச்சைப் பிடிக்க வேண்டும். ஆள் பேசுவதற்கு முன்னால் எப்படி மூச்சு விடுகிறான் என்று பார்த்துவிட்டால் குரல் தானாக வரும். அண்ணன் மூச்சு எனக்கு அத்துப்படி. கோபம் வந்தால் மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பான். பட்டறைக் கம்ப்ரெசரில் காற்று ஏறுகிற மாதிரி நீளமாக. இப்படி. கேட்டீர்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு. அதற்கப்புறம்தான் கை வரும். குடிக்காத நாளில் அந்த மூணு கட்டாயம் உண்டு. ஒண்ணில் அண்ணி அடுப்பை அணைக்கும். ரெண்டில் செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டும். மூணில் பாப்பாத்தி அக்கா வீட்டில் இருக்கும். அண்ணன் சுவரைக் குத்துவான், இல்லாவிட்டால் சொம்பை எறிவான். அரை மணியில் அண்ணி திரும்பி வந்து சொம்பை நிமிர்த்தி வைக்கும்.

குடித்த நாளில் அந்த மூச்சு இருக்காது. ஒண்ணும் இல்லை, ரெண்டும் இல்லை. கை வந்துவிடும். வந்த பிறகு அவனே அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், யாரோ கொடுத்துவிட்டுப் போன கை மாதிரி.

அப்படித்தான் மே மாதம் நடந்தது. வீட்டில் ஒரே ஒரு பிளக். அண்ணி டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டுப் போனை சார்ஜ் போட்டிருந்தது. உள்ளே வந்தான், ஃபேன் ஓடவில்லை. அவ்வளவுதான் அக்கா, வேறு ஒன்றும் இல்லை. அண்ணி கன்னத்தில் நாலு விரலும் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. ஸ்கூல் பஸ் மஞ்சள். அப்புறம் அவனே அழுதுகொண்டு பஞ்சில் தின்னரை நனைத்துத் துடைத்துவிட்டான். "எரியுதா அம்சா? எரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத் துடைத்தான். தின்னர் எரியாமல் என்ன செய்யும்? மஞ்சள் போய்விட்டது, சிவப்பு இருந்தது.

மறுநாள் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் கட்டுவார்களே, அந்தக் கயிறு. பதினோரு நாள் கையில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவிழ்த்துப் பத்திரமாக ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்தான். கயிறோடு குடித்தால்தானே குற்றம்? இதையெல்லாம் நான் காம்பவுண்டில் நடித்துக் காட்டுவேன். கயிற்றைக் கும்பிட்டு ஆணியில் மாட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திறப்பது வரைக்கும். பாப்பாத்தி அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும். அண்ணி மட்டும் சிரிக்காது.

இல்லை, அந்தச் சிரிப்பு இது இல்லை. இருங்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் இன்னொரு தடவை ஆனது. அதை விடுங்கள். மறுநாள் காலையில் அண்ணி கிளம்பிவிட்டது. "நீயும் வர்றியா மௌலி?" என்று கேட்டது. "நானும் வந்துட்டா அண்ணனுக்கு யாரு அண்ணி?" என்றேன். அப்புறம் போய்விட்டது.

வீட்டில் நானும் அண்ணனும். சோறு நான்தான் வடித்தேன். மூன்றாம் நாள் அவன் ஏதோ கேட்டான், நான் அவன் குரலிலேயே அவனுக்குப் பதில் சொன்னேன். விளையாட்டுக்குத்தான். கதவு இடுக்கில் என் வலது கை மாட்டிக்கொண்டது. சாத்தினது அண்ணன். ஆனால் வேண்டுமென்று சாத்தியிருக்க மாட்டான், குடித்திருந்தான், மூச்சே கேட்கவில்லை. விரல் நாலும் பன் மாதிரி வீங்கிவிட்டது. பாப்பாத்தி அக்கா ஐஸ் வைத்துவிட்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ ரொம்ப நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தது. அதை விடுங்கள். கதை அண்ணியைப் பற்றி.

வீடு நன்றாகவே இல்லை அக்கா. என்ன குரல் எடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. ஒருநாள் காலை அண்ணன் குளிக்கப் போனபோது அவன் போனை எடுத்தேன். அண்ணி நம்பரைப் போட்டேன். முதலில் மூச்சு. கோப மூச்சு இல்லை, காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறபோது வரும் மூச்சு. அப்புறம் அண்ணன் குரலில் சொன்னேன்: "அம்சா… நான்தான். தப்புதான். மறுபடியும் கயிறு கட்டிட்டேன். வந்துரு."

அந்தப் பக்கம் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஹாரன் மட்டும் கேட்டது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி கேட்டது: "கை வீக்கம் வத்திருச்சா?"

வேஷத்தில் இருக்கும்போது யோசிக்கக் கூடாது, யோசித்தால் குரல் நழுவிவிடும். "வத்திருச்சு" என்றேன்.

"சாப்பாடு?"

"பாப்பாத்தி அக்கா கொழம்பு குடுக்குது."

"சரி. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். மௌலியை எங்கயும் போகாம வீட்டுலயே இருக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன். நம்பிவிட்டது அக்கா! என்னையே என்னிடம் சொல்லச் சொல்கிறது! போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பட்டறையே ஏமாந்திருக்கிறது, டீக்கடை ஏமாந்திருக்கிறது. ஆனால் கட்டின பெண்டாட்டியே ஏமாறுவது என்றால் அதுதான் என் தொழிலுக்குப் பெரிய பரிசு. அண்ணனிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் அவன் வேலை முடிந்து வரும்போது அண்ணி அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

தன் பங்குக்கு அண்ணனும் நல்லபடியாகத்தான் இருந்தான். அந்த வாரம் முழுக்கக் குடிக்கவில்லை. தானாகவே மறுபடியும் கயிறு கட்டிக்கொண்டான். நான் போனில் சொன்ன பொய் அப்படியே நிஜமாகிவிட்டது, பாருங்கள்.

வியாழக்கிழமை அண்ணி வந்தது. சரியாகப் பதினோரு மணி. வாழ வருகிறவர்கள் துணிமணி எடுத்துக்கொண்டு வருவார்களா இல்லையா? இந்தப் பை ஒன்றுதான், இதோ மடியில் இருக்கிறதே இதேதான், சொளசொளவென்று காலியாக ஆடிக்கொண்டு வந்தது. நான் நினைத்தேன், எல்லாம் இங்கேயே இருக்கிறதே, எதற்கு எடுத்து வர வேண்டும் என்று வந்திருக்கும். உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. அப்புறம் கொடியில் இருந்த என் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்தது. "மார்க் ஷீட் எங்க? ஆதார் கார்டு எங்க?" என்று கேட்டுக் கேட்டு அதையும் வைத்தது. எதற்கென்றேன். "நாலு நாளைக்கு எங்கம்மா வீட்டுல வந்து இரு. திண்டுக்கல் பாலிடெக்னிக்ல ஃபாரம் குடுக்கறாங்களாம்" என்றது. "பன்னெண்டே கால் பஸ்ஸைப் புடிக்கணும், கிளம்பு."

சாயந்திரம் அண்ணன் வருகிற வரைக்கும் அண்ணி இருந்தால்தானே திட்டம்? பன்னெண்டே காலுக்குப் போய்விட்டால் என்ன லாபம்?

அண்ணி தண்ணீர் குடிக்கப் போனது. நான் பையை எடுத்துக் காலி ட்ரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன்.

சிரிப்பு இங்கே ஆரம்பிக்கிறது அக்கா.

"பை எங்க மௌலி?" என்றது அண்ணி. நான் மேஸ்திரி குரலில், "பைதானம்மா? நான் எப்ப எடுத்தேன்?" என்றேன். பாப்பாத்தி அக்கா குரலில், "அந்தப் பைக்கு மட்டும் கை கால் மொளைச்சுதா?" என்றேன். கதவுக்குப் பின்னால் தேடியது, அலமாரிக்குப் பின்னால் தேடியது. "வெளாடாத சாமி, நேரமாச்சு" என்றது. நான் கண்டக்டர் ஆகிவிட்டேன்: "கட்டிலுக்கு அடியில எடம் இருக்கு, கட்டிலுக்கு அடியில போ, உள்ள தள்ளிப் போ!" அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. பாதி உள்ளே போய், "இங்க ஒரு மண்ணும் இல்லையேடா" என்றது. "டிக்கெட் எடுத்தியாம்மா?" என்றேன். அப்போது சிரித்தது அக்கா. கட்டிலுக்கு அடியிலிருந்து. இரும்புத் தகட்டில் மோதி வந்தது அந்தச் சத்தம். வருஷக்கணக்காக இந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை குரலையும் எடுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நிறுத்த முடியாமல் சிரித்தது. "டேய், போதும்டா, தலை இடிக்குதுடா…"

சிரிப்பு அவ்வளவுதான்.

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. நேரில் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அன்றைக்குப் பட்டறைப் பக்கம் மாதாந்திர மின்தடை. கரண்ட் இல்லாமல் கம்ப்ரெசர் ஓடாது, பதினொன்றரைக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. வாசலில் நிழல் விழுந்தது, திரும்பினேன், அண்ணன் நின்றான். கையில் டிபன் கேரியர். கயிறும் கையில் இருந்தது. ஒரு சொட்டு குடிக்கவில்லை, அதை எந்த ஸ்டேஷனிலும் சொல்வேன். வெறும் கொடியைப் பார்த்தான். என் சட்டை ஒன்றுகூட இல்லாத கொடி. கட்டிலுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தான்.

மூச்சு இழுத்தான். எனக்கு நன்றாகக் கேட்டது. நீளமாக. ஒண்ணு. அண்ணிக்கும் கேட்டது, சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரெண்டு. வெளியே வரப் பார்த்தது, கையைத் தரையில் ஊன்றியது. கட்டில் தாழ்வான கட்டில் அக்கா. ஒரு ஆள் வெளியே வர மூணு போதாது.

மூணில் அண்ணன் கட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கினான். அண்ணியை வெளியே விடத்தான் தூக்குகிறான் என்று நினைத்தேன். விட்டுவிட்டான். இரும்புக் கால் அண்ணி மணிக்கட்டில் இறங்கியது.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாப்பாத்தி அக்கா ஆட்டோ பிடித்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், வழக்கமாக எல்லாரும் சொல்கிற மாதிரி வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் என்று நினைத்தேன். "என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிப் போட்டாரு" என்றது. ஒரே வரி. அங்கிருந்தே அதன் அம்மா வந்து கூட்டிப்போய்விட்டார்கள். மேஸ்திரி இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "தங்கமான பையன்ப்பா. திடுதிப்புனு குடியை நிறுத்துனதுல வந்த கோவம்." குடித்தால் குடி, நிறுத்தினால் நிறுத்தினது. எனக்கே அலுத்துப்போய்விட்டது அக்கா. அவர் குரல் எடுக்கக்கூடப் பிடிக்கவில்லை.

அண்ணன் பன்னிரண்டு நாளாக அழுகிறான். அழுகிற மூச்சையும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

இன்றைக்கு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன். "அன்னிக்கு போன்ல பேசினது நான்தான் அண்ணி, உங்களை ஏமாத்திட்டேன்" என்று. கோபப்படும், அப்புறம் சிரித்துவிடும். சிரிக்கும்போது கூப்பிட்டால் வந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்? சரியாக வருமா?

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

புடவையா? காட்டுகிறேனே. அண்ணிக்கென்று அண்ணனே கடைக்குப் போய் எடுத்தது. நேற்று ட்ரம்மிலிருந்து பையை எடுத்தபோது, உள்ளே இருந்ததைக்கூட வெளியே எடுக்காமல் அப்படியே மேலே வைத்துவிட்டான். இந்தாருங்கள், கொஞ்சம் மடியில் பிடியுங்கள். மயில் கழுத்து நிறம். நல்லாயிருக்கிறதா?

அடியிலா? அடியில் என்ன, என் சட்டைதான். அன்றைக்கு அண்ணி மடித்து வைத்தது. நாலு சட்டை. மார்க் ஷீட். ஆதார் கார்டு. அப்புறம்… இது என்ன, மருந்துக்கடைக் கவர். வேடசந்தூர் கடை. இதை நான் பார்க்கவே இல்லையே. காலிப் பை என்றுதான் நினைத்தேன்.

ஒரு ட்யூப். சீல்கூட உடைக்காதது. என்ன போட்டிருக்கிறது… வீக்கத்துக்குத் தடவுவது. ஒரு சுருள் துணிக்கட்டும் இருக்கிறது.

யாருக்கு வாங்கியிருக்கும்? போனில் கேட்டதே, கை வீக்கம் வத்திருச்சா என்று. அண்ணனிடம் கேட்டது. அதனால் அண்ணனுக்குத்தான்…

இருங்கள். ஒரு நிமிஷம் பேசாதீர்கள்.

கண்டக்டர் கூப்பிடுகிறார், வேடசந்தூர் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், இறங்குகிறேன். இல்லை, புடவை வேண்டாம். உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

அண்ணனுக்குக் கை வீங்கவே இல்லை, அக்கா.